ஞாயிற்றுக்கிழமை நான் சொன்ன வழி

நம் ஓட்டல் வரவேற்பு மேஜையின் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாளைப் பார்த்திருப்பீர்கள். கடற்கரைக்கு எப்படிப் போவது, பஸ் நிலையத்துக்கு எப்படிப் போவது, மார்க்கெட்டுக்கு எப்படிப் போவது என்று பதினான்கு வரி, எல்லாம் ஆங்கிலத்தில். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மனப்பாடம் பண்ணச் சொல்லியிருப்பார்கள். அதை எழுதியவன் நான். அதில் நீங்கள் தலைகீழாக நின்றாலும் ஒரு பிழை கண்டுபிடிக்க முடியாது. அலாங், அக்ராஸ், பாஸ்ட், ஆப்போசிட், நெக்ஸ்ட் டு என்று ஒவ்வொரு சொல்லும் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

"புதுசா வர்ற பசங்களுக்கு உங்க அனுபவத்த நாலு பக்கம் எழுதிக் குடுங்க கதிர்வேல்" என்று நான் ஓய்வு பெறும்போது முதலாளி கேட்டார். விருந்தினரிடம் எப்படிச் சிரிப்பது, கோபக்காரரை எப்படிச் சமாளிப்பது என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பார். அதெல்லாம் ஒரே மாதத்தில் உங்களுக்கே வந்துவிடும். எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் ஒன்றுதான், பொறாமை. இருபத்தாறு வருஷ வேலையில் அதில் மட்டும் நான் யாருக்கும் சளைத்தவன் இல்லை.

மேப் இருக்கும்போது வழி கேட்க யார் வருகிறார்கள் என்று கேட்பீர்கள். வருகிறார்கள். இந்த ஊரில் ஒரே தெருவுக்கு ஒரு பிரெஞ்சுப் பெயர், ஒரு தமிழ்ப் பெயர், ஜனங்கள் வாயில் ஒரு பெயர் என்று மூன்று இருக்கிறது. போன் வைத்திருப்பவரும் கடைசியில் மேஜைக்கு வந்துதான் முழிப்பார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வயதான தம்பதி, சைக்கிள் வாடகைக்கு எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். தபாலாபீசுக்கு எதிரே என்பதை மனதில் வைத்துக்கொண்டு "இன் ஃபிரண்ட் ஆஃப்" என்று சொல்லி அனுப்பினேன். அவர்கள் தபாலாபீஸ் படியிலேயே அரைமணி நேரம் வெயிலில் நின்றிருக்கிறார்கள். கடை ரோட்டுக்கு அந்தப் பக்கம். திரும்பி வந்தபோது அந்த அம்மாவின் முகம் சிவந்திருந்தது. அப்போது மேஜைக்குப் பொறுப்பாக இருந்தவர் என்னை உள்ளே கூப்பிட்டார். திட்டவில்லை. "இங்கிலீஷ் தப்பா இருந்தா இருந்துட்டுப் போவுது. அந்த வழில நீ ஒருக்கா நடந்து பாத்தியா?" என்று மட்டும் கேட்டார்.

நடக்கவில்லை. சாயங்காலமே ஒரு இலக்கணப் புத்தகம் வாங்கினேன். அவர் கேட்ட கேள்வியை விட்டுவிட்டு எனக்குப் பிடித்த பதிலை எடுத்துக்கொண்டேன். ரெட்டியார்பாளையத்தில் இருக்கும் என் வீட்டு மாடியில் உட்கார்ந்து, இன் எங்கே வரும், ஆன் எங்கே வரும், அட் எங்கே வரும் என்று ஆறு மாதம் கரைத்துக் குடித்தேன். வேலைக்கு பைக்கில் வந்து பைக்கில் திரும்புகிறவன். வாய்க்காலைத் தாண்டி ஊருக்குள் கால்நடையாகப் போன நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் வழி சொல்ல ஆரம்பித்தேன் என்றால் வெள்ளைக்காரனே ஒரு நிமிஷம் நிமிர்ந்து பார்ப்பான். அந்தப் பார்வைக்காகவே வேலைக்கு வந்தேன் என்று சொன்னால் அது மிகையில்லை.

அப்புறம் கலைவாணி வந்தாள்.

கடலோரப் பிள்ளைச்சாவடிப் பெண். முதலில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலையில்தான் சேர்ந்தாள். மேஜையில் ஆள் குறைந்தபோது இரண்டு வாரத்துக்கு என்று கொண்டுவந்து நிறுத்தினார்கள். இரண்டு வாரம் இரண்டு வருஷம் ஆயிற்று. அவள் அம்மா மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு இந்த ஊர்த் தெருக்களில் வீடு வீடாக விற்றவர். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் இவளும் கூடவே நடந்திருக்கிறாள். எந்த வீட்டில் வஞ்சிரம் வாங்குவார்கள், எந்தச் சந்தில் நாய் துரத்தும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

அவள் ஆங்கிலத்தைக் கேட்டால் உங்களுக்கே கை பரபரக்கும். "சீ பேக். கோ. கெனால் ஜம்ப். டெம்பிள் கம், ஸ்டாப். ஃபிளவர் லேடி ஆஸ்க்." இவ்வளவுதான் அவள் வழி சொல்வது. இன் கிடையாது, ஆன் கிடையாது. விருந்தினரை முழங்கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப்போய், கடல் அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி திருப்பி நிறுத்துவாள். முழு வழியையும் சொல்லவே மாட்டாள். அடுத்த இடம் வரைக்கும்தான். அங்கே யாரிடம் கேட்க வேண்டும் என்பதைச் சொல்வாள். அவர்கள் கிளம்பியதும் அந்தப் பூக்கார அம்மாவுக்கு ஒரு போன்: "அக்கா, தொப்பி போட்ட ஒருத்தர் வர்றாரு. டெய்லர் கட வரைக்கும் காட்டி உடு." கிளம்புமுன் விருந்தினரையே கையை நீட்டி வழியைக் காட்டச் சொல்வாள். கை தப்பான பக்கம் போனால் மறுபடி முதலிலிருந்து.

எனக்குச் சிரிப்பாக இருந்தது. அவர்கள் எல்லோரும் சரியாகப் போய்ச் சேர்ந்து, திரும்பி வரும்போது அவளுக்குக் கடலை மிட்டாய் வாங்கிக்கொண்டு வரத் தொடங்கியதும் சிரிப்பு நின்றுவிட்டது. "வேர் இஸ் கலா?" என்று அவள் பெயரைச் சுருக்கிக் கேட்பார்கள். அவள் சாப்பிடப் போயிருக்கிறாள், நான் சொல்கிறேனே என்றால், பரவாயில்லை, காத்திருக்கிறோம் என்று சோபாவில் உட்காருவார்கள். நான் கை காலியாக எதிரே நின்றுகொண்டிருப்பேன். அந்தச் சோபாவை நான் எப்படி வெறுத்தேன் என்று உங்களுக்குச் சொல்ல முடியாது.

அவள் விருந்தினருக்கு எழுதித் தரும் துண்டுச் சீட்டுகளைச் சிவப்புப் பேனாவால் திருத்த ஆரம்பித்தேன். விருந்தினர் முன்னாலேயே திருத்துவேன். அவள் "சரிங்க சார்" என்பாள். நான் திருத்திய சீட்டின் நகலை ஒரு நோட்டில் ஒட்டியும் வைத்துக்கொள்வாள். எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அந்த நோட்டுதான் என்னை மேலும் எரிய வைத்தது.

ஒரு சனிக்கிழமை முதலாளி டீ குடித்துக்கொண்டே சொன்னார்: "மேஜைக்கு இன்சார்ஜ்னு ஒருத்தரப் போடணும் கதிர்வேல். கலாவப் போடலாம்னு பாக்கறேன். கெஸ்ட்டெல்லாம் அந்தப் பொண்ணத்தான் கேக்கறாங்க. நீங்க இன்னா சொல்றீங்க?" செய்யலாம் சார் என்று சொன்னேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மதியம் இரண்டே முக்காலுக்கு ஒரு பிரெஞ்சு மதாம் வந்தார். சென்னை விமான நிலையத்திலிருந்து நேராக வந்து இறங்கி, டாக்ஸியையும் அனுப்பிவிட்டிருந்தார். அறுபது வயதிருக்கும். கருப்பு கவுன், கையில் வெள்ளை ரோஜாக் கொத்து. பெட்டியை மேஜை ஓரமாக வைத்துவிட்டு, ரூம் சாவிகூடக் கேட்காமல் ஒரு காகிதத்தை நீட்டினார்.

அவருடைய அப்பா இந்த ஊர்க்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். மதாம் பிறந்தது வளர்ந்தது எல்லாம் பிரான்சில். அம்மா சின்ன வயதிலேயே தவறிவிட, இங்கிருந்து போய் அவரைத் தூக்கி வளர்த்தவர் அத்தை. வயதான பிறகு அத்தை ஊர் திரும்பிவிட்டார். அந்த அத்தைதான் இரண்டு நாள் முன்பு இறந்திருந்தார். "என் தாந்த்" என்றார் மதாம். தமிழில் அவருக்கு வா, போதும், சோறு என்று நாலைந்து சொல்தான் தெரியும். ஆங்கிலமும் தட்டுத்தடுமாறித்தான். ஆனால் சொன்னது விளங்கியது. மூன்றரைக்கு வீட்டில் பெட்டியை மூடுவார்கள். நாலு மணிக்கு மாதா கோயிலில் பூசை. அதற்குள் போய் முகத்தைப் பார்க்க வேண்டும்.

காகிதத்தில் தெருவின் பழைய பிரெஞ்சுப் பெயர் இருந்தது. மேப்பில் தேடினால் கிடைக்காது. அவர் போனில் இந்திய நெட்டும் இல்லை. ஆனால் எனக்கு அந்தத் தெரு எது என்று தெரியும். காந்தி வீதியிலிருந்து மேற்கே பிரிகிற ஒரு சந்து. நடந்தால் கால்மணி நேரம்கூட ஆகாது. நேரம் தாராளமாக இருந்தது.

எனக்கு முன்னால் கலைவாணி எழுந்துவிட்டாள். மதாமின் முழங்கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப்போனாள். கடலுக்கு முதுகைக் காட்டித் திருப்பினாள். "சீ பேக், மதாம்" என்று ஆரம்பித்தாள். முந்தின நாள் டீ நேரத்தில் முதலாளி பேசியது எனக்கு நினைவுக்கு வந்தது. நான் மேஜையைச் சுற்றிக்கொண்டு போய் இருவருக்கும் நடுவில் நின்றேன். "எக்ஸ்கியூஸ் ஹெர் இங்கிலீஷ், மதாம்" என்றேன். கலைவாணி கையை எடுத்துக்கொண்டாள்.

அதன் பிறகு நான் வழி சொன்னேன். வாழ்க்கையிலேயே அதைவிட நன்றாக நான் சொன்னதில்லை. இந்த வீதியோடு அலாங், வாய்க்காலை அக்ராஸ், மிஷன் வீதியைத் தாண்டி பாஸ்ட், காந்தி வீதியில் இடப்பக்கம் திரும்பினால் பெரிய போர்டு வைத்த செருப்புக்கடை, அதற்கு அடுத்த சந்துக்குள் இன்டு, தையல்கடைக்கு ஆப்போசிட் வீடு.

"சார்" என்றாள் கலைவாணி. "இன்னைக்கு ஞாயித்துக்கெழம சார். நான் கூடப் போயி உட்டுட்டு வந்துடறேன்."

அவள் என்ன சொல்கிறாள் என்பது என் காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை. விருந்தினர் முன்னால் என்னைத் திருத்துகிறாள் என்பது மட்டும்தான் ஏறியது. "கிழமை எனக்கும் தெரியும். நீ போயிட்டா மேஜைய யாரு பாக்கறது?" என்றேன். மேஜையில் அப்போது ஈ காக்கை இல்லை. மதாம் என்னைப் பார்த்து, "யெஸ், யெஸ், வெரி கிளியர்" என்று தலையாட்டிவிட்டுப் போனார். கையை நீட்டிக் காட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. அது கலைவாணியின் வழக்கம் அல்லவா.

ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி எப்படி இருக்கும் என்று இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வழக்கமான கடைகள் எல்லாம் ஷட்டரை இறக்கிவிடும். அந்த ஷட்டர்களுக்கு முன்னால் சந்தை போடுவார்கள். தார்ப்பாயைக் கட்டி, ஜீன்ஸையும் நைட்டியையும் தொங்கவிட்டு, போர்டுகளே தெரியாதபடி மறைத்துவிடுவார்கள். சந்துகளின் வாயை அடைத்துக்கொண்டு பெல்ட் கடையும் செருப்புக் குவியலும் இருக்கும். செருப்புக்கடைக்கு அடுத்த சந்து என்று சொல்லி அனுப்பினேன். அன்றைக்கு அந்த வீதி முழுக்கச் செருப்புக்கடைதான். எனக்கு இது தெரியாததா? தெரியும். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அதற்குள் நடந்து போனவன் இல்லை. என் தலைக்குள் இருந்த காந்தி வீதிக்கு என்றைக்கும் திங்கட்கிழமைதான்.

மூன்று இருபதுக்கு போன் அடித்தது. இறந்தவர் வீட்டிலிருந்து ஒருவர் பேசினார். "அவுங்க உங்க ஓட்டல்லதான எறங்குனாங்க? இன்னும் வரலியே. எடுக்கற நேரமாயிடுச்சு."

இங்கேதான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். தப்பு செய்வது எல்லோருக்கும் நடக்கும். தப்பு தெரிந்துவிட்ட பிறகு வரும் முதல் ஐந்து நிமிஷத்தில் நீங்கள் யார் என்பது தெரிந்துவிடும். நான் என்ன செய்தேன் தெரியுமா? "கெளம்பி ரொம்ப நேரமாச்சுங்க. தெளிவாச் சொல்லித்தான் அனுப்பினேன். இப்ப வந்துடுவாங்க" என்று சொல்லி போனை வைத்தேன். கலைவாணி என்னைப் பார்த்தாள். யார் போன் என்று கேட்டாள். ரூம் விஷயம் என்று சொன்னேன்.

மறுபடி அடித்தது. அதே ஆள். இந்தத் தடவை கலைவாணி என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள். கேட்டாள். வைத்தாள். தன் செல்போனில் பூக்கார அம்மாவைக் கூப்பிட்டாள். "அக்கா, கருப்பு கவுன் போட்ட ஒரு அம்மா, கையில வெள்ள ரோஜா. அந்தப் பக்கம் வந்தாங்களா? பக்கத்து கட அண்ணனக் கேளு." அடுத்து சாக்ஸ் விற்கிறவருக்கு. அடுத்து பெல்ட் கடைக்கு. மூன்றாவது போனிலேயே ஆள் கிடைத்துவிட்டார். சந்தையின் அந்தக் கோடி வரைக்கும் போய், திரும்பி, மறுபடி போய், கடைசியில் ஒரு பாத்திரக் கடைக்காரர் போட்ட பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாராம். "அங்கயே ஒக்கார வையி, வர்றேன்" என்று சொல்லிக்கொண்டே கலைவாணி ஓடினாள். என்னிடம் அனுமதி கேட்கவில்லை.

நான் மேஜையில் தனியாக நின்றேன். வெட்கமாக இருந்தது, பயமாக இருந்தது. அதோடு இன்னொன்றும் இருந்தது. இவளுக்கு மட்டும் எப்படி அந்த வீதி முழுக்க ஆள் இருக்கிறது, எனக்கு ஏன் ஒருத்தர்கூட இல்லை என்று அந்த நேரத்திலும் நெஞ்சுக்குள் எரிந்தது. ஒரு மனுஷி தன் அத்தை முகத்தைப் பார்க்க ஓடிக்கொண்டிருக்கிறார், நான் செல்போன் நம்பர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆறு மணிக்கு இருவரும் திரும்பினார்கள். மதாம் செருப்பைக் கையில் பிடித்திருந்தார். குதிகாலில் தோல் உரிந்திருந்தது. கலைவாணி அவரை மாடிக்கு அனுப்பிவிட்டு என்னிடம் வந்தாள்.

"மூடிட்டாங்க சார்."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"மூணே முக்கா வரைக்கும் வெச்சுக்கினு இருந்தாங்களாம். சாமியார் காத்துக்கினு இருக்காருன்னு சொல்லி ஆணிய அடிச்சிட்டாங்க. நாங்க போவும்போது மூணு அம்பது. தொறக்கச் சொல்லிக் கேட்டேன். பெரியவங்க ஒத்துக்கல. பெட்டி மேல கைய வெச்சுக்கினே கோயில் வரைக்கும் நடந்தாங்க."

ஐந்து நிமிஷம்தான் தாமதம். முதல் போனுக்கும் இரண்டாவது போனுக்கும் நடுவில் போனது ஏழெட்டு நிமிஷம். அந்தக் கணக்கை நான் இத்தனை வருஷத்தில் எத்தனை தடவை போட்டுப் பார்த்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

கொஞ்ச நேரத்தில் மதாம் கீழே இறங்கி வந்தார். திட்டப் போகிறார் என்று எழுந்து நின்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு தன் ஆங்கிலத்தில் சொன்னார்: நீங்கள் மிக நன்றாக, மிகத் தெளிவாகச் சொன்னீர்கள். நான்தான் முட்டாள். கவனமாகக் கேட்கவில்லை. என் தவறு.

கலைவாணி பக்கத்தில்தான் நின்றாள். இப்போது சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன். அவள் குடிக்கத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போய்விட்டாள். நானாவது சொல்லியிருக்கலாம். மதாம், தப்பு என்னுடையது, இவள் கூட வருகிறேன் என்றாள், நான்தான் தடுத்தேன் என்று சொல்ல எனக்கு ஆங்கிலம் போதாதா? "இட்ஸ் ஆல் ரைட், மதாம்" என்றேன். மன்னிப்பதைப் போலச் சொன்னேன்.

ஊர் திரும்பும் முன் அவர் விருந்தினர் புத்தகத்தில் அரைப் பக்கம் எழுதினார். மிஸ்டர் கதிர்வேல் என்கிற கனவான் எவ்வளவு அருமையாக வழி சொன்னார், தன் கவனக்குறைவால்தான் தன் அத்தையைப் பார்க்க முடியாமல் போனது, கூட வந்த பெண்ணும் அன்பானவள் என்று. அந்தப் பெண்ணின் பெயர் அதில் இல்லை. மதாமுக்கு அவள் பெயர் தெரியாது. நாங்கள் யாரும் சொல்லவில்லை.

முதலாளி அதை டீ நேரத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். அந்த மாதமே நான் இன்சார்ஜ் ஆனேன். "நீங்க சொல்ற மாதிரியே எல்லாரும் சொல்லட்டும், எழுதிக் குடுங்க" என்றார். அப்படி எழுதியதுதான் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் தாள்.

கலைவாணி அதற்குப் பிறகும் ஒரு வருஷம் என் கீழே வேலை பார்த்தாள். ஒரே ஒரு தடவைதான் அந்தப் பேச்சை எடுத்தாள். சாவிகளை மாட்டிக்கொண்டே, "அந்த மதாமாண்ட நான் ஒண்ணும் சொல்லல சார். அவுங்களே ரொம்ப நொந்து போயிருந்தாங்க, அதான்" என்றாள். எனக்காக மறைத்தாள் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பற்றி யோசிக்கவே இல்லை. அதற்கும் எனக்கு எரிச்சல் வந்தது என்றால் நம்புவீர்களா?

இப்போது அவள் கடற்கரைப் பக்கம் ஒரு பெரிய ஓட்டலில் ரிசப்ஷன் மேனேஜர். புதிதாகச் சேர்கிறவர்களை முதல் வாரம் உட்காரவே விடமாட்டாளாம். காலையில் தெருத்தெருவாக நடக்க வைப்பாளாம், ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் சந்தைக்குள். ஆங்கிலம்கூட இப்போது சுத்தமாகப் பேசுகிறாள் என்று கேள்விப்பட்டேன். நான் திருத்திய சீட்டுகளை ஒட்டி வைத்த நோட்டு வீண்போகவில்லை போலிருக்கிறது. கேள்விப்பட்ட அன்று சந்தோஷப்பட முயன்று பார்த்தேன். முடியவில்லை.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இது. அந்தத் தாளை எடுத்துவிடுங்கள். அதில் பிழை இல்லை, அதனால்தான் எடுக்கச் சொல்கிறேன். பிழையில்லாத வாக்கியம் கையில் இருந்தால் வாசலைத் தாண்டி எட்டிப் பார்க்கத் தோன்றாது. வழி கேட்டு வருகிறவர் தலையாட்டினால் நம்பாதீர்கள், கையை நீட்டிக் காட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் நிற்கிறவர் "சார்" என்று இழுத்தால், அவர் மீது உங்களுக்கு எவ்வளவு எரிச்சல் இருந்தாலும், முழுதாகச் சொல்லி முடிக்க விடுங்கள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. போன வாரம் என் சாமான்களை எடுக்க வந்தபோது, அந்த விருந்தினர் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். மதாம் எழுதிய பக்கத்தைத் திறந்து, சிவப்புப் பேனாவின் மூடியையும் கழற்றினேன். ஊரில் எல்லோருடைய வாக்கியத்தையும் திருத்தியவன் நான். அந்தப் பக்கத்தில் ஏழெட்டு இலக்கணப் பிழை இருக்கிறது, பொய் ஒன்றே ஒன்றுதான். தப்பு என்னுடையது என்று அதன் கீழே இரண்டு வரி எழுத வேண்டும், அவ்வளவுதான். என் பெயரை வாசித்தேன், கனவான் என்பதை இன்னொரு தடவை வாசித்தேன். இந்த மேஜையில் இருபத்தாறு வருஷம் நின்றதில், என் பெயர் சொல்லி ஒருவர் எழுதிப் பாராட்டியது அந்த ஒரு பக்கத்தில்தான். மூடியைத் திரும்ப மாட்டினேன்.

புத்தகம் அலமாரியில் மேல் தட்டில், இடப்பக்கத்திலிருந்து மூன்றாவது. பேனாவை மேஜை இழுப்பறையில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அந்தப் பெண்ணின் பெயர் கலைவாணி. உங்களில் யாராவது எழுதிவிடுங்கள்.